சக்கரம் வைத்த வீடு

ஏலக்காய் மூட்டை ஏற்றிய பழைய வேன் ஒன்றை அப்பா வாங்கி வந்தபோது, போடியில் எங்கள் தெருவே சிரித்தது. இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றது. தகரத்தை வெட்டி நான்கு ஜன்னல் வைத்தார். இரு பக்கமும் பெஞ்சு. நடுவே பலகையைப் போட்டால் ஐந்து பேரும் படுக்கலாம். ஸ்டவ் ஆடாமல் நிற்க ஒரு பெட்டி, குழாய் வைத்த தண்ணீர் டிரம், அம்மாவின் பழைய சேலையில் திரை. யாராவது வண்டி என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும். "வண்டியில்லப்பா, வீடு. சக்கரம் வச்ச வீடு" என்பார்.

எதையும் எண்ணிப் பார்த்துக் கவலைப்படுகிற பையன் நான். இந்த வயதிலும் அது விடவில்லை. வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அம்மா தைத்ததோ ஆறு தலையணை. இடத்தை அடைக்கிறதே என்று கேட்டேன்.

"கெடக்கட்டும். ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள்.

பள்ளி லீவில் மூணாறு பார்க்கப் போகிறோம் என்று அப்பா அறிவித்தார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் டிரம்மில் தண்ணீர் தளும்ப, திரும்பிவிடலாமா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அப்பா பாட்டுப் பாடியபடி ஓட்டினார். போடிமெட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மாவிலை கட்டிய ஒரு வீட்டுக்கு எதிரே நிறுத்தி, "டயர் பஞ்சர்" என்றார்.

அது அத்தை வீடு. அப்பாவின் ஒரே தங்கை. எஸ்டேட்டில் வேலை பார்த்தவரைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டவள். அன்றைக்கு அப்பா, "ஒன் வாசல நான் மிதிக்க மாட்டேன், என் வீட்டு வாசல நீ மிதிக்கக் கூடாது" என்று சொன்னது தெருவுக்கே தெரியும். சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் அவருக்குப் பேர். இப்போது அந்த வீட்டில் அத்தை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மடி எதிரே வந்து நின்றிருந்தது, ஆனால் இறங்கவில்லை.

மழை பிடித்தது. அத்தை குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரர் குடையோடு தள்ளியே நின்றார்.

"என்னண்ணே, இங்கன நிக்கிறீக?"

"மூணாறுக்குப் போற வழி. டயர் பஞ்சர்."

நான் அதற்குள் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறியிருந்தேன். "நாலு டயரும் நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை சிரித்துவிட்டாள். பிறகு படியருகில் நின்று கேட்டாள்.

"இது வண்டின்னா ஏறிக்கிறேண்ணே. வீடுன்னா மாட்டேன். நீங்க சொன்னதுதான்."

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை சிணுங்கியது. காதுகுத்த வந்த ஆசாரி, நேரம் போகிறது என்று அத்தை வீட்டு வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"வீடுதான்" என்றார் அப்பா. "வீடுதான் ஆத்தா. ஏறு." பிறகு கழுத்தை வெளியே நீட்டி, "மாப்ளே, எதுக்கு நனையிறீக? ஆசாரியக் கூட்டிட்டு வெரசா உள்ள வாங்க" என்றார்.

அத்தை வலது காலை எடுத்து வைத்து ஏறினாள். புதுப் பலகையெல்லாம் சேறு. அம்மா ஆறாவது தலையணையை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள். அதன்மேல் குழந்தை உட்கார்ந்தது.

மூணாறு போய்ச் சேரும்வரை என் மனம் ஆறவில்லை. வண்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தையும் ஏறியிருப்பாள், அப்பாவின் சொல்லும் நின்றிருக்கும். இத்தனை கெட்டிக்காரருக்கு இந்தச் சின்னக் கணக்குப் பிடிபடவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.