ஒருமுறைகூடத் திறக்காத கதவு

என் கணவர் தினமும் காலை டீயோடு ஒரு வலிப்பு மாத்திரை போட்டுக்கொள்வார். கல்லூரி நாளிலிருந்து வரும் வழக்கம். எங்கள் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சமையலறையில் நின்றபடி, செல்போனில் ஆபீஸ் மெசேஜ்களைப் பார்த்துக்கொண்டே, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு ஒரு மடக்கு டீயில் இறக்கிவிடுவார். மாத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான்தான் பார்ப்பேன். எதையும் பார்த்துப் பார்த்துப் பயப்படுவது என் சுபாவம். அதையே தொழிலாகவும் வைத்துக்கொண்டேன்.

தொட்டியில் தண்ணீர் ஏறினால் வால்வை மூடு, இறங்கினால் திற. ஆலைகளில் நடக்கும் இந்தக் கட்டுப்பாட்டு வேலையைத்தான் பெரிய பெரிய கணக்குகளாகப் போட்டு டாக்டர் பட்டம் வாங்கினேன். சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், "ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, ஆனா தானா திருகிக்கிடும்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

டெல்லிக்கு வந்ததும் பேட்டரி ஆராய்ச்சி. பேட்டரிக்குள் எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்க்க முடியாது. வெளியே தெரியும் வோல்டேஜையும் கரண்டையும் வைத்து ஊகிக்க வேண்டும். ஊகிக்கிற புரோகிராம் எழுதுவது என் வேலை. அதற்காக மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஈ-ரிக்‌ஷா ஒன்றில் வயர்களை மாட்டி, மடியில் லேப்டாப்போடு வாரக்கணக்கில் சுற்றினேன். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வயர் ஆடி, அளவு தாறுமாறாக எகிறும். ஒரே நொடியில் பாதி பேட்டரி காலி என்று காட்டும். டிரைவர் திரும்பிப் பார்த்து, "மேடம்ஜீ, பேட்டரி கத்தம்?", தீர்ந்துபோச்சா என்று சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த பேட்டரியும் ஒரு நொடியில் பாதியாகாது. அப்படிக் காட்டினால் பொய் சொல்வது சென்சார்தான். அதனால் ஐந்தாறு வரி எழுதிச் சேர்த்தேன். என் கணக்கு எதிர்பார்ப்பதிலிருந்து ரொம்ப விலகி ஓர் அளவு வந்தால், அதை எடுத்துக்கொள்ளாதே, ஓரமாகத் தள்ளிவிடு. அதன்பிறகு எத்தனை பள்ளம் வந்தாலும் திரையில் கோடு ஆடவில்லை. அந்த ஐந்தாறு வரிமேல் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பேட்டரியை விட்டு மாத்திரைக்கு ஏன் போனேன் என்று கூட்டங்களில் கேட்பார்கள். புதிய துறை, புதிய சவால் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். நிஜக் காரணம் இதுதான்: ஒருமுறை மருந்துக் கடையில் வழக்கமான கம்பெனி அட்டை இல்லை என்று வேறொன்று கொடுத்தார்கள். அந்த வாரம் அவர் மெட்ரோ பிளாட்பாரத்தில் வலிப்பு வந்து விழுந்தார். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் இன்று டீ குடிக்கிறார். மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மருந்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

ஆகவே டெல்லிக்கு வெளியே இருந்த ஓர் ஆலையோடு சேர்ந்து, அதே மருந்தைத் தயாரிக்கும் புதுமுறை ஒன்றில் இறங்கினேன். மருந்துப் பொடியும் மாவும் இரண்டு வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் கலந்து, மறுமுனையில் மாத்திரையாக அழுந்தி விழும். கலவைக்கு மேல் ஒரு சென்சார் நொடிக்கு நொடி மருந்தின் அளவைப் பார்க்கும். அளவு தப்பினால் ஒரு சின்னக் கதவு திறந்து, கெட்ட மாத்திரைகளைத் தனித் தொட்டியில் தள்ளும். இவை எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் புரோகிராம் என்னுடையது. பேட்டரிக்கு எழுதியதில் பாதியை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். நன்றாக ஓடியதை எதற்குத் திரும்ப எழுத வேண்டும்?

மழைக்காலத்தில் மூன்று நாள் ஓட்டினோம். கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஆலையில் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு தின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து, இதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசுவதற்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தேன். மூன்று நாள் கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. முதலில் பெருமை. பிறகு, எந்தத் தொடர்பும் இல்லாமல், வீட்டு உப்பு டப்பா ஞாபகம் வந்தது. ஆலை ஓடிய அந்த வாரம் முழுக்க ஈரத்தில் உப்பு கட்டிபட்டு, டப்பாவைத் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆலையில் ஈரத்தை வாங்கும் ஏசி உண்டுதான். ஆனாலும் மூன்று நாளில் ஒரு கட்டிகூடவா விழாது?

ஓரமாகத் தள்ளிய அளவுகள் சேரும் ஃபைலைத் திறந்தேன். ஐந்தோ பத்தோ இருக்கும் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக இருந்தது.

அந்த ஆலையில் பள்ளம் இல்லை, ஆடுகிற வயர் இல்லை. ஈரப் பொடியில் கட்டி விழுந்தால் ஒரே நொடியில் மருந்து இரண்டு மடங்காகும், அடுத்த நொடி ஒன்றுமே இருக்காது. சென்சார் அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. என் ஐந்தாறு வரி அதைப் பொய் என்று தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கதவுக்குப் போனதுகூட என் கணக்கு வடிகட்டிய அளவுதான். அது எப்படித் திறக்கும்?

திங்கட்கிழமை காலை அந்த மாத்திரைகள் லாரியில் ஏறவிருந்தன. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டியவை. ஆலையில் விதிப்படி சில மாத்திரைகளை எடுத்துச் சோதித்து, எல்லாம் பாஸ் என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உடனே போனை எடுத்தேன் என்று எழுத ஆசை. எடுக்கவில்லை. இன்னும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் இது ஒரு சௌகரியம், பயத்துக்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை முழுவதும் கம்ப்யூட்டரில் அந்த மூன்று நாளை மறுபடி மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். சாயங்காலம் மகளோடு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனேன். படியில் நான் நின்று நின்று ஏறுவதைப் பார்த்து, "அம்மா, ஜல்தி வா, பிரசாதம் கத்தம் ஆயிடும்" என்று இழுத்தாள். முருகனுக்கு முன்னால் கண்ணை மூடியதும் நான் கேட்ட வரம், அந்த லாரி கெட்டுப்போய் நிற்க வேண்டும் என்பது. ஒரு போன் செய்தால் தீர்கிற காரியத்துக்கு முருகனைத் தொந்தரவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டீ. அவர் அட்டையை எடுத்துப் பிதுக்கினார். என்னையறியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ரெண்டு நாளா பாக்கேன். ஒண்ணுமில்லாமலா கொழம்புல உப்புப் போடாம வைக்க? சொல்லு."

சொன்னேன். புரோகிராம் அவருக்குப் புரியாது. அதனால் கட்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். "சில மாத்திரையில ரெண்டு மடங்கு இருக்கும். சிலதுல பேருக்குக்கூட இருக்காது. எது எதுன்னு பாத்தா தெரியாதுங்க."

"நான் திங்க மருந்தா?"

"அதே மருந்துதான். கம்பெனி வேற."

டீ தம்ளரைக் கீழே வைத்தார். "ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

"வெள்ளிக்கிழம."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழம" என்றார். அவ்வளவுதான். அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். மாத்திரையை விழுங்கிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆலையின் தர அதிகாரிக்குப் போன் போட்டேன். நிதானமான அம்மாள். "மேடம், டெஸ்ட் தோ பாஸ் ஹை நா?" என்றார், டெஸ்ட்தான் பாஸாகிவிட்டதே என்று. நான் விளக்கினேன். இந்தியும் இங்கிலீஷும் கலந்து, இடையில் பதற்றத்தில் ஒரு வாக்கியம் முழுக்கத் தமிழிலும் பேசினேன் என்று பிறகுதான் உறைத்தது. அவர், "லிக் கே பேஜியே. அபி" என்றார். எழுதி அனுப்புங்கள், இப்போதே. நான்கு வரி எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. தவறு என்னுடையது என்று எழுதினேன். என்னிடம் இருந்த எல்லா ஃபைலையும் இணைத்தேன். எப்போது தெரியும் என்பதை மட்டும் எழுதவில்லை.

லாரி நின்றது. அடுத்த சில வாரங்களில் நிறைய மாத்திரைகளை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவை சரி. சில இரண்டு மடங்கு, சில ஏறக்குறைய வெறும் மாவு. மொத்தத்தையும் அழித்தார்கள். திட்டம் வேறு குழுவுக்குப் போனது. இதைப் பற்றி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை நானே திரும்பப் பெற்றேன். எங்கள் துறைத் தலைவர் மரியாதையாக, "கொஞ்ச காலம் பேட்டரி பக்கமே இருங்களேன்" என்றார். இருக்கிறேன். பள்ளமும் ஆடுகிற வயரும் எனக்குப் பழகியவை.

ஆனால் பலரும் என்னைப் பாராட்டினார்கள். தானாக முன்வந்து சொன்னீர்களே, எத்தனை பேருக்கு அந்த நேர்மை வரும் என்றார்கள். மடியில் கனம் இருப்பவள் பாராட்டைக் கேட்டாலும் நடுங்குவாள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். வெள்ளிக்கிழமையைத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஆள். அவர் இதுவரை அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை, வழக்கம்போல டீயை ஆற்றிக் கொடுத்தேன். அவர் செல்போனை மேடையில் வைத்தார். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, வாயில் போடாமல், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். புரட்டி மறுபக்கமும் பார்த்தார். பார்த்தால் என்ன தெரியும்? பிறகு விழுங்கினார்.

அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாள்கூட அவர் பார்க்காமல் விழுங்கியதில்லை. அந்த நேரத்தில் நான் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.