வசந்தா அக்காவின் பப்பாளித் தண்டு

நம் பள்ளிக் கணினிக் கழகத் தலைவி வசந்தா அக்காவைப் பற்றி, நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள்தான் படிக்கப் போகிறீர்கள். பொய் சொன்னால் தெரிந்துவிடும்.

புக்கிட் ரோத்தான் பேருந்தில் அன்றும் அக்கா வரவில்லை. காய்ச்சல் என்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எங்களுக்குத் தெரியும். காலைச் சபையில் கழகப் பொறுப்பாசிரியர் ராமன் சார் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். விடியற்காலையில் வசந்தா இறந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியை அணைக்க மறந்து இறங்கிப் போனார். அதன் இரைச்சல் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

சென்ற ஆண்டு நம் கணினி கடகடவென்று சத்தம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கெட்டுவிட்டது, கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும் என்றார் சார். அக்கா முதலில் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார், பிறகு மேசையின் மேல்.

"மிஷினுக்கு ஒண்ணுமில்ல சார். மேசைக்குத்தான் குளிர் காய்ச்சல்."

மேசைக்காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்ததும் சத்தம் நின்றது. அந்த வேடிக்கையை நாங்கள் இப்போது சொல்வதில்லை.

சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் நிற்கும் பப்பாளி மரத்தின் இலைத்தண்டுதான் அக்காவின் கருவி. அதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியைச் சுற்றி நகர்த்துவார். "சத்தம் வருதுன்னு மட்டும் சொல்லாத. எப்போ வருது, எங்கேர்ந்து வருது, அதச் சொல்லு" என்பார். வட்டைப் படிக்கும்போது மட்டும் வந்தால் வட்டு இயக்கி. நிற்காமல் வந்தால் விசிறி. யோசிக்கும்போது பேனா மூடியால் மேசையைத் தட்டுவது அவர் பழக்கம். டிக், டிக் என்று.

நம் பள்ளியைப் பெருக்கும் பாக்கியம் ஆண்டிதான் அக்காவின் அம்மா. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் கணினியின் மேல் மல்லிகைச் சரம் சாத்தினார். சரம் வழுக்கி விழாமலிருக்க, பெட்டியின் பின்பக்கத் துளைகளில் வாழைநாரை நுழைத்து முடிந்தார். எங்களில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூ வாடியதும் சரத்தை அறுத்து எடுத்துவிட்டார்.

சில நாளில் அந்தச் சத்தம் தொடங்கியது. டிக், டிக். கணினியைப் போட்டால் வரும், அணைத்தால் நிற்கும். என் தோழி லெட்சுமி, "நான் வரல லா, நீயே போ" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆண்டியோ தினமும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"தட்டிக்கிட்டே யோசிக்கிறா. நீங்க வேலையப் பாருங்க."

பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் அமைதியைப் பார்த்தோம். ஆனால் ஒருவேளை அது விசிறிக் கோளாறாக இருந்து, விசிறி நின்றுபோனால் சூட்டில் கணினியே போய்விடும் என்று சார் என்னிடம் கவலைப்பட்டார். நான் அக்காவின் தண்டை எடுத்தேன். எப்போது? நிற்காமல். எங்கிருந்து? பின்பக்கத் துளைகளிலிருந்து. அறுபட்ட நாரின் முடிச்சு அங்கேயே இருந்தது. காய்ந்து விறைத்த அதன் நுனி விசிறியில் பட்டுக்கொண்டிருந்தது.

ஆண்டி இல்லாத நேரத்தில் அதை உருவியிருக்கலாம். சத்தம் ஏன் நின்றது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? தண்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைச் சுற்றிக் கேட்டார். பின்பக்கம் வந்ததும் கை நின்றது. குனிந்து பார்த்தார்.

"இது நான் போட்ட முடிச்சு."

முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எடுக்கலன்னா இது கெட்டுப் போயிருமா?"

"ஆமா, ஆண்டி."

"அப்ப எடுத்துரு. அவ உக்காந்த மிஷினு."

கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, கவராயத்தின் முனையால் முடிச்சை நெம்பி எடுத்தேன். மீண்டும் போட்டபோது விசிறியின் சீரான ஓசை மட்டும் கேட்டது. ஆண்டி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போனார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை, சுருங்கிப்போன அந்தத் தண்டும் அவருடைய இரண்டு கேள்விகளும். உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், அதனால் இதையும் எழுத வேண்டும். இந்தக் கணினி அறையில் தனியாக உட்கார்ந்து எழுதும்போது டிக், டிக் என்று இப்போதும் கேட்கிறது. எப்போது? கணினி அணைந்திருக்கும்போது. எங்கிருந்து? தண்டை வைத்து எல்லாப் பக்கமும் கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் எழுத முடியவில்லை.

பாக்கியம் ஆண்டி பெருக்கி முடித்து வாசலில் நிற்கிறார். நான் எழுந்ததும் விளக்குகளை அணைப்பார்.