வெள்ளத்துக்குச் சேர்க்காத கார்

அன்று இன்சூரன்ஸ் கந்தோரில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய தம்பி, உயிலங்குளத்தில் வயல் செய்கிறவன். மேசைக்கு அந்தப் பக்கம் எழுதுகிற பிள்ளை.

கார் பழையது. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, மேசன் வேலை செய்து மிச்சம் பிடித்து வாங்கினேன். எங்கள் ஊர் கீரி, பாலத்துக்கு இந்தப் பக்கம் தீவில். அங்கிருந்து வாடகைக்கு, ஹயருக்கு, ஓடினேன். அதிகமும் ஆஸ்பத்திரிக்குத்தான். வீட்டுச் சோறு அந்தக் காரில்தான் வந்தது. அதனால் ஃபுல் இன்சூரன்ஸ் போடப் போனோம்.

பிள்ளை கேட்டாள்: "வெள்ளத்துக்கும் சேர்க்கவோ அண்ணை? அதுக்குக் காசு தனி." தொகையைத் துண்டில் எழுதி என் பக்கம் தள்ளினாள்; இரண்டு நாள் ஹயர்க் காசு.

"சேருங்கோ பிள்ளை. எங்கட வாசலில நிண்டா கடல் தெரியும்" என்றாள் மனைவி.

"கடல் வந்தா காரை அக்கரைக்குக் கொண்டுபோவன். பாலம் பிறகென்னத்துக்கு?" என்றேன்.

மச்சான் சிரித்தான். "அத்தானுக்கு என்ர வீட்டு வளவுதான் இன்சூரன்ஸ். கொண்டு வந்து விடுங்கோ, மாட்டோட சேர்த்துக் கட்டிவிடுறன்."

எழுதுகிற பிள்ளையும் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "தண்ணி கடலில மட்டுமோ கிடக்கு?" என்றாள்.

"வெள்ளம் வேண்டாம். மற்றதை எழுதுங்கோ பிள்ளை" என்றேன்.

கார்த்திகையில் விடாமல் மழை. காற்றும் எழும்பியது. கீரியில் வள்ளங்களைத் தெருவரைக்கும் இழுத்து வைத்தார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினேன். உயிலங்குளத்தில் மச்சான் வளவில் விட்டு, சாவியை அவன் கையில் கொடுத்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்து நன்றாக நித்திரை கொண்டேன்.

கடல் வரவில்லை. விடியப் போன் வந்தது.

"அத்தான், குளம் மேவிப் பாயுது."

"கார்?"

"கூரை மட்டும் தெரியுது. தண்ணி ஏறேக்கை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தனான், வரேல்ல. தள்ள ஆளில்லை. மாட்டை அவிட்டு விட்டிட்டன்."

தண்ணீர் வற்றிய பிறகுதான் போக முடிந்தது. சீட்டு முழுவதும் சேறும் வைக்கோலும். மச்சானுடைய பயிர் முழுவதும் படுத்துக் கிடந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டிருக்க வேண்டும்.

கராஜ்காரன் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். "இதைச் செய்யிற காசுக்கு இன்னொண்டு எடுக்கலாம், அண்ணை."

நானும் மனைவியும் திரும்பவும் கந்தோருக்குப் போனோம். அதே பிள்ளைதான் இருந்தாள்.

"வெள்ளம் சேர்க்கேல்லையே, அண்ணை."

"ஓம்."

"அண்டைக்குக் கேட்டனான்."

"ஓம் பிள்ளை. கேட்டனீங்கள்."

வரும் வழியில் மனைவி திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். நான் மறுபடியும் மேசன் வேலைக்குப் போகிறேன். முன்புபோல முதுகு வளையவில்லை. போன கிழமை மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்டைக்கு வெள்ளத்துக்கு அந்தப் பிள்ளை எவ்வளவு கேட்டவ?"

"நாலாயிரத்து இருநூறு."