மோட்டார் கிளம்பிய நாள்

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவனுக்கு, மின்பொறியியல் வகுப்பில் கிடைத்த பட்டப்பெயர் 'ஃபியூஸ்'. முதல் சோதனையிலேயே, மோட்டார் உருளையை இறுக்கிப் பிடித்திருந்த பெல்ட்டைத் தளர்த்த மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டான். பாரத்தோடு கிளம்ப முடியாத மோட்டார் ஃபியூஸைத் தின்று ஆய்வகத்தையே இருட்டாக்கியது.

கடைசிச் செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தால், அதே மோட்டார்! இதில் கோட்டைவிட்டால் பட்டம் இல்லை.

"தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிடவா மாப்ள?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

ஃபியூஸ் முதல் வேலையாகப் பெல்ட்டைத் தளர்த்தினான். உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தான்; லேசாகச் சுழன்றது. ஸ்டார்ட்டர் கைப்பிடியை மெல்ல நகர்த்த, மோட்டார் முனகிவிட்டுச் சீராக ஓடியது. பெல்ட்டை இறுக்க இறுக்க மீட்டரில் அளவுகள் ஒழுங்காக ஏறின. பெல்ட் உரசிச் சூடேறிய உருளை குளிர, மறக்காமல் அதில் தண்ணீரும் ஊற்றினான்.

"கை ஏன்ப்பா இப்படி நடுங்குது?" என்றார் தேர்வாளர்.

"கைதான் சார் நடுங்குது. மோட்டார் நடுங்கலையே!"

சிரித்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டார். வெளியே வந்ததும் வீட்டுக்கு ஃபோன் போட்டான்.

"அம்மா, உன் மகன் இன்ஜினியர் ஆயிட்டான்!"

"என் ராசா! அப்ப வந்ததும் கிணத்து மோட்டாரைப் பாரு. நேத்துலேருந்து ஓடல."

"அடுத்த பஸ்லயே வர்றேன்" என்றார் இன்ஜினியர்.