முப்பத்து நான்கு வயதில் தாதிப் படிப்பு

ஜவுளிக்கடையில் பதின்மூன்று வருடம் சேலை விரித்துக் காட்டியவள், திடீரென்று தாதியாகப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? முதலாளி சிரித்தார். "வயசு போன நேரத்தில என்னம்மா ஆசை இது?" என்று கேட்டுவிட்டு, கல்யாண சீசன் முடியும்வரையாவது இருந்துவிட்டுப் போகச் சொன்னார். கூட வேலை செய்த பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். எனக்குக் கோபம் சட்டென்று வரும், போகத்தான் நாளாகும்.

அப்போது கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடை விட்டு கண்டியில் பஸ் ஏறி, நெரிசலில் நின்றுகொண்டே வந்து அறையைத் திறந்தால், காலையில் தேநீர் குடித்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல், கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகப் பழகினேன். கவிழ்த்த கோப்பையும் கவிழ்த்த இடத்திலேயேதான் இருந்தது.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். பரீட்சையில் சித்தியடைந்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு அந்த வயதிலேயே விண்ணப்பித்திருக்கலாம். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த எங்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. விவரம் தெரிந்தபோது வயதெல்லை தாண்டிவிட்டது. மிச்சமிருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கொடுக்கும் மூன்று வருடப் பயிற்சி. முதல் மாதத்திலிருந்தே வார்ட்டில் நிற்கலாம். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு அந்தக் கட்டடத்துக்கு வெளியே மதிப்பில்லை. மற்றது, கொழும்பில் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடப் பட்டம். முழுவதும் இங்கிலீஷ். படித்து முடிக்கும்போது எனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிடும்.

வத்தளையில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. "பட்டத்தையே படி தங்கச்சி. எங்க வீட்டில தங்கிக்க. முடிச்சிட்டா வெளிநாடு போயிரலாம்" என்றார். இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு அத்தை கிடைப்பாள் என்ற கணக்கு அண்ணிக்கு இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தொலைபேசியில் அந்த வீட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. அண்ணன் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.

ஆனாலும் அந்த வீட்டில் போய் உட்கார என்னால் முடியாது என்று நினைத்தேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் அண்ணன் கடைசியில், "டொக்டர்மார்தான் அம்மாவைக் கொன்னுட்டாங்க" என்பார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். நடந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. பேர் விழுந்தால்தான் அந்த நாளுக்குச் சம்பளம். கொழுந்து எடுக்கும்போது உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் கங்காணி டிஸ்பென்சரிக்குப் போகச் சொல்வார், போனால் அரைப்பேர்தான். முப்பது வருடம் கொழுந்து எடுத்த அம்மா, யார் கேட்டாலும் "நல்லா இருக்கேங்க" என்று சொல்லப் பழகிப்போயிருந்தாள். பிரசவ வலியைக்கூட, கொழுந்து நிறுத்து முடித்த பிறகுதான் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாளாம். அன்றைக்குப் பிறந்தவள் நான்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அம்மா என்னோடு அறையில் இருந்தாள். ஒரு நாள் மயங்கி விழுந்ததால் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அந்த வார்ட்டில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எங்கே வலிக்கிறது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அம்மா எழும்பி உட்காரப் பார்த்துக்கொண்டே, "வலியெல்லாம் இல்லைங்க சார், நல்லா இருக்கேன்" என்றாள். நான் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். மூன்று நாளும் அதே கேள்வி, அதே பதில். அம்மா அப்படித்தான் சொல்வாள் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். பெரிய மனிதர்கள் முன்னால் அம்மாவைப் பொய்க்காரியாக்கக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், நான் கடையில் நின்ற நேரம், பக்கத்து வீட்டார் தூக்கிக்கொண்டு போன வழியில் அம்மா இறந்துபோனாள்.

நான் தாதியாக ஆசைப்பட்டது இதனால்தான். என்னைப் போன்ற ஒருத்தி கட்டில் பக்கத்தில் நின்றால் போதும் என்று நம்பினேன். அதனால் மனம் கண்டி ஆஸ்பத்திரிப் பயிற்சியின் பக்கமே சாய்ந்தது. சேருவதற்கு முன்னால் இரண்டு நாள் வார்ட்டில் நின்று பார்க்கலாம் என்றார்கள். போனேன்.

இரண்டாம் நாள், ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். கண்டியில் கடை வைத்திருக்கும் மகன் கொண்டுவந்து சேர்த்திருந்தார். டொக்டர் கேட்டதை என்னைத் தமிழில் கேட்கச் சொன்னார்கள். பெரியவர் சிரித்த முகத்தோடு, "சொகமா இருக்கேன் தாயி" என்றார். போர்வைக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் இறுக்கி மடங்கியிருந்தன. நான் டொக்டரிடம், "சுகம் என்றுதான் சொல்கிறார். ஆனால் இவருக்கு நல்ல வலி இருக்கிறது. எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள்" என்றேன். டொக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். மனிதர் அலறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்தச் சிங்களப் பெண்மணி நல்லவர். தேநீர் ஊற்றித் தந்துவிட்டுத்தான் பேசினார். நான் சொன்னது சரியாம். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் நோயாளி சொன்னதை மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். நோயாளியைப் பார்த்துத் தான் கண்டதை டிக்கட்டில், அதாவது அவருடைய பதிவேட்டில், எழுதுவது பதிவு பெற்ற தாதியின் வேலை.

"இங்கே மூன்று வருடம் முடித்தால் நான் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"முடியாது. இனி உங்களுக்குப் பதிவு கிடைக்கப் பட்டம்தான் வழி. இங்கே படித்தால் எப்போதும் எங்களுக்கு உதவியாகத்தான் இருப்பீர்கள்" என்றார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். யாரோ ஒரு மனிதருக்காக இரண்டே வசனத்தில் சொல்ல முடிந்ததை, பெற்ற தாய்க்கு மூன்று நாளாகச் சொல்லவில்லையே. பாலத்தடியில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். வயது நாற்பதைத் தொட்டாலும் சரி, பட்டம்தான். பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது. எழுதவும் வேண்டும்.

பட்டம் என்றால் கொழும்பு. கொழும்பு என்றால் அண்ணன் வீடு. உண்மையைச் சொல்லாமல் அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் எடுத்தேன்.

"அண்ணே, அம்மாவை டொக்டர்மார் கொல்லல. வலி இல்லைன்னு நான்தான் சொன்னேன். அம்மா மறைக்குதுன்னு தெரிஞ்சே சொன்னேன்."

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். அண்ணன் வெளியே வந்துவிட்டார் என்று புரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வலி இருந்தது எனக்கும் தெரியும்" என்றார்.

"உங்களுக்கு எப்படி?"

"போறதுக்கு முதல் நாள் அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. தாங்க முடியலடான்னு அழுதுச்சு. தங்கச்சிகிட்ட சொல்லிராத, கடையில லீவு போட்டுட்டு வந்து நிக்கும், அதுக்குப் பேர் போயிரும்னு சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்தான் அம்மா போனாள்.

அண்ணன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆறு நாளும் அம்மாவும் நானும் ஒரே பாயில் படுத்தோம். நான் கடையிலிருந்து வந்து என்னம்மா செய்யுது என்று கேட்டபோதெல்லாம், "ஒண்ணுமில்ல, நீ சாப்பிடு" என்றாள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. என்னிடம்தான் சொல்லவில்லை. அம்மா இறந்த நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"எங்க வலிக்குதுன்னு சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"வயித்துல. வலது பக்கம்."

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒரு மாசம் முந்தியே."

"முதுகுக்கும் போச்சாமா? காய்ச்சல்? வாந்தி?"

ஒவ்வொன்றாகக் கேட்டேன். அண்ணன் அழுகையை அடக்கி அடக்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கையில் அகப்பட்ட காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இடம், எப்போதிலிருந்து, சாப்பிட்ட பிறகு கூடுமா, படுத்தால் குறையுமா. ஒரு டொக்டர் பார்த்து முடிவெடுக்கத் தேவையானதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. கொடுக்கத்தான் ஆள் இல்லை.