உப்பு கேட்கும் கனவு

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிப்பது சாரோமின் வேலை. அமெரிக்காவின் லோவல் நகரில் ஒரு சலவை ஆலையில் முப்பது வருடமாக அவள் மடித்த விரிப்புகளில் யார் யாரோ நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறார்கள். அவள் தூங்கியதில்லை.

கம்போடியாவில் பொல்பாட் ஆட்சிக் காலத்தில், கால்வாய் வெட்டிய முகாமில் பட்டினியால் செத்த அம்மா கனவில் வருவாள். காலிக் கிண்ணத்தை நீட்டி, "உப்பு இருக்கா?" என்பாள். பின்னாலேயே தடியோடு ஆட்கள் வருவார்கள். சாரோம் அலறுவாள். பக்கத்து அறையில் மகள் குந்தியா எழுந்து உட்காருவாள். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடியும் முன்னே கிளம்ப வேண்டும்.

வசந்தத்தில் டாக்டர் ஹென்னசி ஒரு சிறு மாத்திரை கொடுத்தார். கனவு நின்றது. சாரோம் நன்றியோடு அவருக்கு ஒரு டப்பா நிறைய பொரித்த ரோல் கொண்டுபோனாள்.

பிறகு இலையுதிர் காலத்தில் கம்போடியர்களின் பிதுர் திருநாளான பிச்சும் பென் வந்தது. பசித்த பிதுர்களை நரகத்திலிருந்து அவிழ்த்துவிடும் பதினைந்து நாள். ஏழு கோயில் ஏறித் தேடுவார்கள். எங்கும் தம் பிள்ளை வைத்த சோறு இல்லையென்றால் சபித்துவிட்டுப் போவார்கள். சாரோம் வருடந்தோறும் சோற்றோடு உப்புக் கருவாடும் வைப்பாள். திருநாள் முடிந்ததும் அம்மா ஒருமுறை வருவாள். எதுவும் கேட்காமல், மென்றபடி உட்கார்ந்திருப்பாள். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சில வருடம் அதுவும் இருக்காது, கிண்ணம்தான் நீளும். எப்படியும் சேதி தெரிந்துவிடும்.

இப்போது மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

"மாத்திரை வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்றாள் சாரோம் குந்தியாவிடம் கெமர் மொழியில், அவர் அறையிலேயே.

"ஆறு மாசமா நானும் தூங்குறேம்மா. அதுல மண்ணப் போடாத."

"உங்க பாட்டி எப்படிடி வருவா? நான்தான் கதவச் சாத்தி வெச்சிருக்கேனே."

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"திருநாள் முடியுற வரைக்கும் மாத்திரை கூடாதாம். பாட்டி வரணுமாம்."

ஹென்னசி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கம்போடிய அகதிகளையே பார்த்துப் பார்த்து வயதானவர். "வேண்டாம்னு சொன்னா கேப்பாங்களா?"

"நேத்தே நிறுத்திட்டாங்க."

"சரி. ஆனா திரும்ப ஆரம்பிக்கிறப்போ பழைய அளவு போடக்கூடாது, பிரஷர் இறங்கி மயக்கம் வரும். நேரா எங்கிட்ட வரச் சொல்லுங்க."

வேன் வேலை முடிந்த மாலைகளில் குந்தியா அம்மாவைக் கோயில் கோயிலாக ஏற்றிப்போனாள். லோவல், செம்ஸ்ஃபர்டு, லின். ஐந்து முடிந்தபோது பின்சீட்டு முழுக்கக் கருவாட்டு வாடை.

"அஞ்சு போதும்மா. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஹைவே போர்டு பாத்து பிராவிடன்ஸ் வரைக்கும் தேடிட்டுப் போவாங்களா என்ன?"

சாரோம் சிரித்துவிட்டாள். வாதாடவும் தெம்பில்லை. கனவில் தடியோடு அந்த ஆட்கள் தினமும் வந்துகொண்டிருந்தார்கள். இஸ்திரி இயந்திரத்தருகே கண்ணயர்ந்தவளை மேற்பார்வையாளர் தள்ளிப்போய் நிற்கச் சொன்னார்.

திருநாள் முடிந்த மறுநாள் அம்மா வந்தாள். கிண்ணத்தை நீட்டினாள்.

"உப்பு இருக்கா?"

அந்த வாரம் ஹென்னசி முதலில் கேட்டது பிரஷரைப் பற்றி அல்ல. "வந்தாங்களா?"

"வந்தாங்க" என்றாள் சாரோம். "இன்னும் பசியாத்தான் இருக்காங்க."

குந்தியா அதை மொழிபெயர்க்க நேரம் எடுத்துக்கொண்டாள். டாக்டர் பாதி அளவு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்கடி போற?"

"பிராவிடன்ஸ்."

"அவங்கல்லாம் திரும்பிப் போயாச்சு. இப்ப வெச்சு யாருக்கு?"

"நாந்தானே அஞ்சு போதும்னேன்."

சாரோம் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "அடுத்த வருஷமும் மாத்திரைய நிறுத்துவேன். அப்போ ஏழுக்கும் கூட்டிட்டுப் போ. இப்ப வீட்டுக்கு விடு. எனக்குத் தூங்கணும்."

வீட்டில் அவள் மாத்திரையை விழுங்கினாள். அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து, மூடியைத் திறந்து, மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். குந்தியா மூடப் போனவள், அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.