ஏலக்காய் ஸ்டோரில் வைத்த பேக்கப்

எங்கள் வண்டன்மேட்டில் மழைக்காலம் வந்தால் அலமாரித் துணிகூடப் பூசணம் பூத்துப்போகும். அதனால் ஈரம் ஆகாத பொருளை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வைப்போம். லேப்டாப்பின் பேக்கப் டிரைவையும் அங்கேதான் வைத்திருந்தேன். அதில் அப்பாவின் குரல் இருந்தது. எழுபதுகளில் எஸ்டேட் லயத்து வீட்டில் அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபின் அந்தக் கேசட் பூசணம் பிடித்து எப்போதோ போய்விட்டது.

போன மழையில் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் அடியோடு நின்றுவிட்டது. கணவர் புது டிஸ்க்கை மாட்டி, "பேக்கப்பை எடுத்துட்டு வா, அப்படியே இதுல ஏத்திரலாம்" என்றார்.

அன்று காலைதான் அவர் ஸ்டோர் அடுப்பை மூட்டியிருந்தார். எனக்கு அது நினைவே இல்லை. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. டிரைவைத் தொட முடியாமல் முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

"இத எங்க வச்சிருந்த?"

"ஸ்டோர்லதான். பூத்துரக் கூடாதுன்னு..."

அவர் வாங்கிச் சொருகினார். டக், டக் என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பாவை இரண்டாம் முறை அடக்கம் பண்ணுகிறோம் என்றே தோன்றியது.

"ஆறட்டும்" என்று பிடுங்கி வைத்தார். நன்றாக ஆறியபின் சொருகியதும் டிரைவ் தெரிந்தது. எல்லாம் புது டிஸ்க்கில் ஏறும்வரை நான் எழவில்லை. பிறகு அப்பா பாடினார். அப்போதுதான் அழுதேன்.

இப்போது இரண்டு பேக்கப் வைத்திருக்கிறேன். ஒன்று பீரோவில், மற்றது மலைக்குக் கீழே கம்பம் ஊரில் தங்கை வீட்டில். ஆனாலும் அடுப்பை மூட்டுமுன் கணவர் குரல் கொடுப்பார்: "ஜெசி, மாமா உள்ள இல்லையே?"

இல்லை என்று தெரிந்தும், ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.